தடைகளில் விளைந்த நூல்கள்

ஆராதனை நடத்தும் குரு வெண்ணிற மேலங்கி தரித்தே ஆக வேண்டுமா என்ற கேள்வி, பல நூற்றாண்டுகளுக்கு அப்பால் நின்று பார்க்கும் நமக்கு மிகச் சிறிய விவகாரமாகத் தோன்றலாம். ஆயினும் 1566-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், காண்டர்பரிப் பிரதான அத்தியட்சராயிருந்த மாத்யூ பார்க்கர் இலண்டன் நகரத்துக் குருமாரை லாம்பெத் மாளிகைக்கு வரவழைத்து, விதிக்கப்பட்ட உடையைத் தரிக்கச் சம்மதமா இல்லையா என்று கேட்டபோது, 37 பேர் சம்மதமில்லையென்று சொல்லி, அதன் பயனாகத் தங்கள் ஊழியத்தினின்று நிறுத்தி வைக்கப்பட்டார்கள். அவர்களுள் கல்வியிலும் பிரசங்கத் திறமையிலும் சிறந்தவர்கள் பலர் இருந்தனர். ஒரு துணியைத் தோளில் போட்டுக்கொள்ள இசைந்திருந்தால் எவ்விதக் குறையுமின்றிக் காலங் கழித்திருக்கக் கூடியவர்கள்.

அவர்கள் ஏன் இசையவில்லை என்பதை அறிய, அதற்குச் சிறிது முந்திய சரித்திரத்தை நோக்க வேண்டும். மேரி அரசியின் ஐந்தாண்டு ஆட்சியில் சுமார் 300 புரோட்டஸ்டண்டுகள் உயிரோடு எரிக்கப்பட்டனர். பலர் ஜினீவாவுக்கும் ஜூரிச்சுக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் தப்பியோடி, அங்கே மேற்றிராணிகளும் அலங்கார வஸ்திரங்களும் இல்லாத எளிய வழிபாட்டைக் கண்டு பழகினர். 1558-இல் எலிசபெத் பட்டத்துக்கு வந்தபோது இவர்கள் மிக்க நம்பிக்கையோடு தாயகம் திரும்பினார்கள். ஆனால் 1559-இல் அரசி ஏற்படுத்திய ஒழுங்கில், உபதேசம் பெரும்பாலும் ஜினீவாவைத் தழுவியதாக இருந்தபோதிலும், அத்தியட்சர்களின் ஆட்சியும், பொது ஜெபப் புஸ்தகமும், பழைய அங்கியும், ஞானஸ்நானத்தின்போது சிலுவைக் குறியிடும் சடங்கும் அப்படியே நிலைபெற்றிருந்தன. தங்கள் சகோதரரை எரித்தவர்கள் அணிந்திருந்த அதே உடையைத் தாங்களும் அணிவதா என்ற வேதனை ஒருபுறமிருக்க, வேதாகமம் விதிக்காத ஒன்றை, அரசு விதித்தது என்ற ஒரே காரணத்துக்காகக் கடவுளின் சந்நிதியில் கட்டாயமாக்கலாமா என்ற ஆழ்ந்த வினா அவர்களை வருத்தியது. இவர்களையே எதிரிகள் பியூரிட்டன்கள், அதாவது தூய்மைக் கட்சியார் என்று ஏளனமாக அழைக்கத் தொடங்கினார்கள், அப்பெயரே நிலைத்துவிட்டது.

இவர்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கடுகடுத்த முகத்தையும், நாடகசாலைகளை மூடிய கண்டிப்பையும் மட்டுமே நினைவு கூர்வார்கள். எனக்கு இவர்களுடைய சரித்திரத்தில் வியப்பாய்த் தோன்றுவது வேறொன்று. ஏறத்தாழ 120 ஆண்டுக் காலம் இவர்களுடைய வாயை அடைக்க அரசாங்கம் செய்த ஒவ்வொரு முயற்சியும் ஒரு புதிய நூலையோ ஒரு புதிய எழுத்து முறையையோ தோற்றுவித்தது. பிரசங்க பீடம் பறிக்கப்பட்டவர்கள் பேனாவை எடுத்தார்கள். அச்சுக்கூடம் பறிக்கப்பட்டவர்கள் வண்டியில் அச்சு இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார்கள். ஊரே பறிக்கப்பட்டவர்கள் சிறைக்கூடத்திலிருந்து எழுதினார்கள். ஆங்கில உரைநடை பண்டிதர்களின் கைகளிலிருந்து இறங்கி, நெசவாளரும் பாத்திரம் ஒக்கிடுபவரும் படித்து இன்புறத் தக்கதாயிற்றென்றால், அதற்கு இந்தத் தடைகள் செய்த உதவியை மறந்துவிட முடியாது.

மேலங்கி விவகாரத்துக்குப் பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 1570-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் தாமஸ் கார்ட்ரைட், அப்போஸ்தலர் காலத்துச் சபையில் அத்தியட்சர் ஆட்சி இல்லை என்று போதித்ததற்காகத் தம் பீடத்தை இழந்தார். 1572-இல் ஜான் பீல்டு, தாமஸ் வில்காக்ஸ் என்ற இரு இளங்குருமார் பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வெளியிட்டு, நியூகேட் சிறைக்குச் சென்றனர். அதன்மேல் மறுப்பும், மறுப்புக்கு மறுப்புமாக ஜான் விட்கிப்டும் கார்ட்ரைட்டும் பல ஆண்டுகள் தர்க்கித்த பெரும் புத்தகங்களை இன்று சரித்திர ஆராய்ச்சியாளரன்றி வேறொருவரும் திறப்பதில்லை. பிரதான அத்தியட்சரான எட்மண்டு கிரிண்டலே, குருமார் கூடி வேதத்தை ஆராயும் கூட்டங்களை நிறுத்த வேண்டுமென்ற அரசியின் ஆணையை மறுத்து 1576 டிசம்பரில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார் என்பதும், அதற்காக மறு ஆண்டில் தம் அதிகாரத்தை இழந்து 1583-இல் அந்த நிலையிலேயே இறந்தார் என்பதும் குறிப்பிடத் தக்கவை. அவருக்குப் பின் அப்பீடத்தில் அமர்ந்த விட்கிப்ட் இரக்கமற்ற கண்டிப்புடையவர். 1586-இல் ஸ்டார் சேம்பர் என்னும் அரச நீதிமன்றம் பிறப்பித்த கட்டளையின்படி, இலண்டனிலும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளிலும் அன்றி வேறெங்கும் அச்சு இயந்திரம் இருத்தல் கூடாது. காண்டர்பரி, இலண்டன் அத்தியட்சர்களின் அனுமதியின்றி எதுவும் அச்சாகவும் கூடாது.

இந்தக் கட்டளையின் மை உலர்ந்து மூன்று ஆண்டுகள் ஆவதற்குள், 1588 அக்டோபரில், மார்ட்டின் மார்பிரலேட் என்ற புனைபெயர் தாங்கிய ஒரு சிறு பிரசுரம் இங்கிலாந்தெங்கும் பரவிற்று. ஜான் பிரிட்ஜஸ் என்ற மேலதிகாரி அத்தியட்சர் ஆட்சியை ஆதரித்து 1,400 பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு நூலை முந்திய ஆண்டில் எழுதியிருந்தார். மார்ட்டின் அதைத் தர்க்க முறையில் மறுக்க முற்படவில்லை. கடைத்தெருவில் இருவர் நின்று பேசும் பேச்சு நடையிலே, அத்தியட்சர்களைப் பெயர் சொல்லி அழைத்து, அவர்களுடைய பேராசையையும் அறியாமையையும் சிரிக்கச் சிரிக்க எடுத்துரைத்தார். சமய விவாதம் என்றால் இலத்தீன் மேற்கோள்கள் நிறைந்த கனத்த ஏடு என்று நினைத்திருந்த வாசகருக்கு இது புதிய அனுபவம். பியூரிட்டன் தலைவர்களே இந்த நடையைக் கண்டு முகஞ்சுளித்தார்கள். ஜனங்கள் வாங்கிப் படித்தார்கள்.

அச்சிட்டவர் ராபர்ட் வால்டுகிரேவ் என்பவர். அவருடைய அச்சுக்கூடம் அந்த ஆண்டின் முற்பகுதியில் அதிகாரிகளால் நாசமாக்கப்பட்டிருந்தது. தப்பிய எழுத்துக்களைக் கொண்டு, தேம்ஸ் நதிக்கரையில் ஈஸ்ட் மோல்சி என்ற கிராமத்தில் எலிசபெத் கிரேன் என்ற சீமாட்டியின் வீட்டில் முதல் பிரசுரம் அச்சாயிற்று. பிறகு ஒற்றர்கள் நெருங்க நெருங்க, இயந்திரம் நார்த்தாம்ப்டன்ஷயரில் உள்ள பாஸ்லி மாளிகைக்கும், அங்கிருந்து கவெண்ட்ரிக்கும், வுல்ஸ்டனுக்கும் இடம் மாறியது. வால்டுகிரேவ் விலகிக்கொண்டபின் ஜான் ஹாட்ஜ்கின்ஸ் என்பவர் அச்சு வேலையை ஏற்று, மான்செஸ்டரை நோக்கிப் புறப்பட்டார். வழியில் வாரிங்டன் நகரில் வண்டியிலிருந்து சாமான்களை இறக்கும்போது ஈய எழுத்துக்கள் சில சிதறிவிட, சுற்றி நின்றவர்கள் இவை என்னவென்று வினவ, துப்பாக்கி ரவைகள் என்று சொல்லி அவர் சமாளித்தாராம். ஆயினும் 1589 ஆகஸ்டில், மான்செஸ்டருக்கு அருகே ஒரு வீட்டில் அச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோதே அவரும் அவருடைய உதவியாளரும் பிடிபட்டார்கள். அதன்பின்னும் வுல்ஸ்டனில் எஞ்சியிருந்த இயந்திரத்தைக் கொண்டு ஏழாவது பிரசுரம் செப்டம்பரில் வெளிவந்துவிட்டது! மார்ட்டின் யாரென்பதை அரசாங்கம் நிச்சயமாக நிரூபிக்கவே இல்லை. ஜாப் திராக்மார்ட்டன் என்ற வார்விக்ஷயர் கனவானே பிரதான ஆசிரியர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. ஆனால் இந்த முயற்சியை முன்னின்று நடத்திய ஜான் பென்ரி என்ற வேல்ஸ் நாட்டு இளைஞர் 1593 மே மாதத்தில் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதளவே. நான்கு சிறு பெண் குழந்தைகளுக்குத் தந்தை.

அதே 1593-இல், அரசாங்கச் சபையின் ஆராதனைக்கு வராமல் தனிக் கூட்டம் கூடுவோரைச் சிறையிலிட்டு, பணியாதவர்களை நாடு கடத்துவதற்கும், திரும்பி வந்தால் தூக்கிலிடுவதற்கும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இதை வாசகர்கள் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

அரசியலில் தோற்ற பியூரிட்டன்கள் உள்முகமாகத் திரும்பினார்கள். சபையைச் சீர்திருத்த வழியில்லாதபோது ஆத்துமாவைச் சீர்திருத்துவது என்ற எண்ணம் வேரூன்றிற்று. கேம்பிரிட்ஜில் போதித்த வில்லியம் பெர்க்கின்ஸ், எசெக்ஸ் குருவான ரிச்சர்டு ராஜர்ஸ் முதலியோர், சாமானியன் ஒருவன் தன் மனசாட்சியை எவ்வாறு பரிசோதிப்பது, தான் கிருபை பெற்றவனா இல்லையா என்பதை எவ்வாறு அறிவது, ஒரு நாளை எவ்வாறு கழிப்பது என்பனவற்றை விளக்கி எழுதினார்கள். தினந்தோறும் தன் பாவங்களையும் கடவுள் செய்த உபகாரங்களையும் குறித்து வைக்கும் நாட்குறிப்பு வழக்கம் பரவியது. தன்னைத் தானே உற்று நோக்கி எழுதும் இக்கலையிலிருந்தே ஆங்கிலத்தில் சுயசரிதை என்னும் இலக்கிய வகை பெருமளவில் வளர்ந்தது.

பிரதான அத்தியட்சர் வில்லியம் லாடின் காலத்தில் அடக்குமுறை மீண்டும் உச்சத்தை அடைந்தது. 1637-இல் வில்லியம் பிரின், ஹென்றி பர்ட்டன், ஜான் பாஸ்ட்விக் என்ற மூவரின் காதுகள், எழுதிய குற்றத்துக்காக, வெஸ்ட்மின்ஸ்டர் முற்றத்தில் அறுக்கப்பட்டன. பின்னர் காலம் தலைகீழாக மாறிற்று. 1641-இல் பாராளுமன்றம் ஸ்டார் சேம்பரை ஒழித்தபோது, அடைபட்டிருந்த வெள்ளம் கரை புரண்டது போல் பிரசுரங்கள் பெருகின. ஜார்ஜ் தாமசன் என்ற இலண்டன் புத்தக வியாபாரி 1640 முதல் 1661 வரை சேகரித்து வைத்தவை மட்டும் சுமார் 22,000.

இந்த இடத்தில் ஒரு கசப்பான உண்மையை மறைக்காமல் கூறியாக வேண்டும். ஜெபப் புஸ்தகத்தை மறுத்ததற்காகத் துன்புற்றவர்கள், அதிகாரம் கைக்கு வந்ததும், 1645-இல் அந்தப் புஸ்தகத்தை வீட்டிற்குள் வைத்து ஜெபிப்பதையும் அபராதத்துக்குரிய குற்றமாக்கினார்கள். அவர்களே மீண்டும் அச்சுக்கு அனுமதி முறையை ஏற்படுத்தினார்கள். அதை எதிர்த்தே மில்டன் 1644-இல் தம் ‘ஏரியோபஜிட்டிகா’வை எழுதினார். மனசாட்சியைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாகாது என்று அதே ஆண்டில் ரோஜர் வில்லியம்ஸ் எழுதிய நூலை எரிக்கும்படி பாராளுமன்றம் ஆணையிட்டது. அந்த வில்லியம்ஸ் யார்? அமெரிக்காவில் பியூரிட்டன்கள் நிறுவிய மாசசூசெட்ஸ் குடியேற்றத்தினின்று, பியூரிட்டன்களாலேயே துரத்தப்பட்டவர்!

அக்குடியேற்றத்தில் ஆன் ஹட்சின்சன் என்ற மாது மருத்துவச்சியாய் ஊழியம் செய்துகொண்டு, பாஸ்டன் நகரத்துத் தம் வீட்டில் பெண்களைக் கூட்டி ஞாயிறு பிரசங்கத்தை விளக்கி வந்தார். நாளடைவில் ஆண்களும் வந்தார்கள். நற்செயல்களைப் பார்த்து ஒருவன் இரட்சிக்கப்பட்டவன் என்று தீர்மானிக்க முடியாது, ஆவியானவரின் உள்ளுணர்த்துதலே சான்று என்றும், அவ்வூர்க் குருமாரிற் பெரும்பாலோர் கிருபையை விட்டுக் கிரியையைப் போதிக்கிறார்கள் என்றும் அவர் கூறினார். 1637 நவம்பரில் ஆளுநர் ஜான் விந்த்ராப் தலைமையில் விசாரணை நடந்தது. கற்றறிந்த நீதிபதிகளின் கேள்விகளுக்கு அந்தப் பெண்மணி வேத வசனங்களைக் கொண்டே விடையளித்து நெடுநேரம் அவர்களைத் திணற வைத்தார். முடிவில், கடவுள் தமக்கு நேரே உணர்த்தினார் என்று அவர் சொன்ன வாக்கைப் பற்றிக்கொண்டு நாடு கடத்தினார்கள். அவர் எழுதிய நூல் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய சொற்களுள் இன்று எஞ்சியிருப்பவை, அவரைத் தண்டித்த சபைகளின் விசாரணைப் பதிவுகளில் உள்ளவை. அவற்றைப் படிக்கும் எவருக்கும், அந்த அறையில் மிகக் கூரிய அறிவு யாரிடம் இருந்தது என்பதில் சந்தேகம் எழாது. 1659-க்கும் 1661-க்கும் இடையே அதே பாஸ்டனில் குவேக்கர் என்ற வேறொரு சமயக் குழுவைச் சேர்ந்த நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். பியூரிட்டன்களின் தியாகத்தை மெச்சுகிறவர்கள் இந்த நால்வரையும் சேர்த்தே நினைத்தல் நியாயம்.

1660-இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியபின், பழைய சட்டங்கள் உயிர்பெற்றன. 1662-இல் இயற்றப்பட்ட சட்டம், ஜெபப் புஸ்தகத்தில் உள்ள அனைத்துக்கும் முழு மனதோடு சம்மதம் தெரிவிக்காத குருவை ஆகஸ்டு 24-ஆம் தேதியோடு விலக்கியது; 1660 முதல் அந்த நாள் வரை வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 2,000 பேர். 1665-இல் வந்த மற்றொரு சட்டம், தாம் ஊழியஞ் செய்த ஊருக்கு ஐந்து மைலுக்குள் அவர்கள் வரலாகாது என்றது. அவர்களுள் ஒருவரான ரிச்சர்டு பாக்ஸ்டரின் கிடர்மின்ஸ்டர் ஊழியம் ஓர் அருமையான காட்சி: அவ்வூர் நெசவாளர்கள் தறியில் நெய்துகொண்டே, எதிரே புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். கட்சிச் சண்டைகளை வெறுத்து, எல்லாரையும் ஒன்று சேர்க்க முயன்று, அதனாலேயே எல்லாராலும் சந்தேகிக்கப்பட்ட பாக்ஸ்டர், ஊழியம் தடைபட்டபின் எழுதிக் குவித்தார். வியாதியும் முதுமையும் ஒருசேர வாட்டிய 1685-இல், புதிய ஏற்பாட்டுக்கு அவர் எழுதிய விளக்கவுரை அரச துரோகமான கருத்துடையது என்று நீதிபதி ஜெப்ரீஸ் அவரை வாயாரத் திட்டி அபராதம் விதித்துச் சிறைக்கு அனுப்பினார்.

இந்த வரலாற்றின் மிக உயர்ந்த கட்டம், சர்வகலாசாலையின் நிழலைக்கூட மிதியாத ஒருவரிடத்தில் அமைந்தது. பெட்போர்டு நகருக்கு அருகே எல்ஸ்டோ கிராமத்தில் 1628-இல் பிறந்த ஜான் பனியன், தந்தையைப் போலவே பழுதான பித்தளை, செம்புப் பாத்திரங்களை ஒக்கிட்டுப் பிழைத்தவர். முதல் மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்கள் என்றும், அவையே தம் உள்ளத்தைக் கிளறின என்றும் அவர் எழுதுகிறார். ஒருநாள் தொழில் நிமித்தம் பெட்போர்டுத் தெருவில் சென்றபோது, ஏழைப் பெண்கள் சிலர் வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டு, கடவுள் தங்கள் உள்ளங்களில் செய்த கிரியையைப் பற்றிச் சம்பாஷித்துக்கொண்டிருந்ததை அவர் கேட்டார். பாக்ஸ்டரும் பெர்க்கின்ஸும் தராத ஏதோ ஒன்றை அந்தப் பெண்களின் சாதாரணப் பேச்சு அவருக்குத் தந்தது. அவருடைய நடையின் வேர் அங்கேதான் இருக்கிறதென்று நான் நம்புகிறேன்.

1660 நவம்பர் 12-ஆம் தேதி ஒரு கிராமத்து வீட்டில் பிரசங்கிக்கத் தொடங்கிய சமயத்தில் பனியன் பிடிபட்டார். அவர்மேல் பாய்ந்தது 1593-ஆம் வருடத்துச் சட்டமேயாகும். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்தால் வீடு திரும்பலாம் என்று அதிகாரிகள் பலமுறை கூறினர். இன்று விட்டால் நாளைக்கே பிரசங்கிப்பேன் என்ற கருத்தில் அவர் அசையாது நின்றார். 1661 ஆகஸ்டில் இரண்டாம் மனைவி எலிசபெத் நீதிபதிகள் முன்னிலையில் சென்று, கண் தெரியாத மகள் உட்பட நான்கு சிறு குழந்தைகள் பிறர் தரும் தர்மத்தால் பிழைக்கிறார்கள் என்றும், கணவர் கைதான அதிர்ச்சியில் தம் பிரசவம் அகாலத்தில் நிகழ்ந்து குழந்தை இறந்தது என்றும், தம் கணவர் பாத்திரம் ஒக்கிடும் ஏழை என்பதாலேயே அவருக்கு நீதி கிட்டவில்லை என்றும் முறையிட்டார். நீதிபதி மாத்யூ ஹேல் இரங்கினார், பயன் விளையவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் பனியன் பெட்போர்டுச் சிறையில் இருந்தார். குடும்பத்துக்காக முனைக்கு உலோகப் பூண் இட்ட நாடாக்களைச் செய்து விற்றார்.

சிறையில் அவர் முதலில் எழுதியவற்றுள் ஒன்று ஜெபத்தைப் பற்றிய நூல். அச்சிட்ட ஜெபத்தைப் படிப்பது ஜெபமாகாது, ஆவியின் ஏவுதலால் இதயம் தவிப்பதே ஜெபம், சொற்கள் வராத இடத்தில் பெருமூச்சே போதும் என்பது அதன் சாரம். கேம்பிரிட்ஜில் கார்ட்ரைட் தொடங்கிய தர்க்கம், இங்கே ஒரு கைதியின் அனுபவ வாக்காக மாறிவிட்டது. 1666-இல் அவருடைய ஆத்மசரிதம் வெளிவந்தது. 1672-இல் விடுதலையானார், பிறகு மீண்டும் சில மாதங்கள் சிறை. 1678-இல் நதானியேல் பாண்டர் என்ற பிரசுரகர்த்தர், தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்று வழங்கும் நூலை வெளியிட்டார். அதன் பெரும்பகுதி சிறையில் உருவானதென்பது அறிஞர் பலரின் கொள்கை. பத்தாண்டுகளில் அது 11 பதிப்புகளைக் கண்டது.

முதுகில் பாரச் சுமையோடு நாச நகரத்தை விட்டு ஓடும் கிறிஸ்தியானின் கதை பலருக்கும் தெரியும். அதில் வரும் சந்தைக் கட்டத்தைத் தமிழ் வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பட்டங்களும் பதவிகளும் ஆத்துமாக்களும் விலைபோகும் அந்தச் சந்தையில் எதையும் வாங்க மறுத்ததற்காக இரண்டு யாத்திரிகர் கைதாகிறார்கள், ஒருவன் விசாரிக்கப்படுகிறான், நீதிபதி பார்வோனுடைய சட்டத்தையும் நேபுகாத்நேச்சாருடைய சட்டத்தையும் தரியுவின் சட்டத்தையும் முன்மாதிரிகளாக எடுத்துக் காட்டி மரண தண்டனைக்கு வழி செய்கிறான். பெட்போர்டு நீதிமன்றத்தில் தாம் கண்ட முகங்களையும் கேட்ட வாதங்களையும் பனியன் இங்கே பதிந்திருக்கிறார். பென்ரியும், வெளியேற்றப்பட்ட குருமாரும், எலிசபெத்தின் முறையீடும் அந்தச் சில பக்கங்களில் கலந்து நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பனியன் 1688 ஆகஸ்டில் காலமானார். மறு ஆண்டிலேயே, அரசாங்கச் சபையைச் சாராத புரோட்டஸ்டண்டுகள் தங்கள் முறைப்படி வழிபடலாம் என்ற சட்டம் வந்தது. அவரை அடைத்துவைத்த ஆங்கிலச் சபையே, பின்னொரு காலத்தில் தன் மிஷன் சங்கங்களின் வாயிலாக அவருடைய நூலைக் கடல் கடந்த நாடுகளுக்குக் கொண்டு சென்றது. திருநெல்வேலிக்கு அருகே கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குடும்பத்திற் பிறந்து, அச்சங்கங்களுள் ஒன்று நடத்திய சாயர்புரம் கல்விக் கூடத்தில் தமிழாசிரியராயிருந்து, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் கதையை எடுத்து ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காவியமாக்கி 1894-இல் வெளியிட்டார். ஒக்கிடும் தொழிலாளியின் உரைநடை அவர் கையில் ஐந்து பருவங்களும் மூவாயிரத்து எழுநூறுக்கு மேற்பட்ட செய்யுட்களும் கொண்டதாய், கம்பனின் நடை பயின்று வளர்ந்தது. கிறிஸ்துவின் பாடுகளை விரித்துரைக்கும் பகுதி புதிதாகச் சேர்ந்தது. இடையிடையே தேவாரம் என்ற பெயரால் அவர் அமைத்த பதிகங்கள் இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடப்படுகின்றன.